வாத்தியார் என்னும் பணி: சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக வாழ்வில் நடிப்பும் பயிற்றுதலும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு எழுதியோர் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகளைப் (1867–1922) பெரும்பாலும் அவர் இயற்றிய நாடகங்களின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிட்டுள்ளனர். அவ்வெண்ணிக்கை நாற்பது என்பாரும் அறுபதைத் தாண்டும் என்பாரும் உளர். பல பனுவல்கள் கிடைக்காமற் போனமையால் இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. இதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. அக்கால நாடகக் குழுக்களில் நாடகம் எழுதுபவரும், வேடம் பங்கிடுபவரும், பாட்டும் பேச்சும் சொல்லிக்கொடுப்பவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தார். அவரை ‘வாத்தியார்’ என்றனர். ‘ஆசிரியர்’ என்னும் சொல் நூல் செய்பவரையும் கற்பிப்பவரையும் ஒருங்கே குறிப்பதால், சுவாமிகளை ‘நாடக ஆசிரியர்’ என்று சுட்டுமிடத்து முதற்பொருளே நிலைத்து இரண்டாவது மறைந்துவிட்டது. மறைந்த அப்பொருளை முன்வைத்து அவரது வாழ்வை இக்கட்டுரை அணுகுகிறது.

நடிகராக

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், தமிழறிஞராகிய தந்தை தாமோதரனாரிடமும் பின்னர்ப் பழநி தண்டபாணி சுவாமிகளிடமும் பாடம் கேட்டவர். உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர் உடன் பயின்றவர். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிய பின், தமது இருபத்து நான்காம் வயதில், 1891இல் நாடகத் தொழிலுள் நுழைந்தார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே என்பது நினைக்கத்தக்கது. சபையினர்க்கு நாடகம் பிழைப்பன்று. சுவாமிகளுக்கோ அதுவே பிழைப்பு. இருவர்தம் நாடகங்களின் வேறுபாட்டை மொழிநடையில் மட்டும் தேடுவோர் இவ்வுண்மையைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் எனப் பார்ப்போரை நடுங்கச் செய்யும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. அவர் நடிப்பை விட்ட காரணத்தை அவருடைய மாணவர் ஔவை தி. க. சண்முகம் பதிவு செய்துள்ளார். எமன் வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது. சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியுமுன் நீர்நிலைக்குச் சென்றபோது சலவைத் தொழில் செய்யும் பெண்ணொருத்தி அவரைக் கண்டு அஞ்சி உயிர் நீத்தாள் என்பன அச்செய்திகள். இத்தகைய கதைகள் கூத்து மரபிலும் வழங்குவன. இவற்றை நிகழ்ந்தவாறே கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் நடிப்பின் ஆற்றலைக் கட்டின்றி விட்டால் தீங்கு விளையும் என்னும் அச்சம் சுவாமிகளைப் பற்றிய நினைவின் நடுவில் வைக்கப்பட்டிருப்பது கருதற்குரியது. அவருடைய பயிற்றுமுறையும் இவ்வச்சத்திற்கு விடை கூறுவதாகவே அமைந்தது.

வாத்தியாராக

நாடகத்தை விட்டுத் தலப்பயணம் மேற்கொண்டு மீண்டவரைப் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை ஆதரித்தார். சுவாமிகளின் பாடல்களில் சந்தம் பிசகாது ஓடுவதற்குத் திருப்புகழ்ப் பயிற்சியுடன் இந்த லயச் சூழலும் காரணமாதல் வேண்டும். பின்னர் வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர் முதலியோர் குழுக்களில் ஆசிரியரானார். அங்கே அவர் எதிர்கொண்டது முதிர்ந்த நடிகர்களின் தன்னிச்சைப் போக்கு. பாடத்தில் இல்லாததைப் பேசுதல், மேடையிலேயே சொற்போர் தொடுத்து எதிராளியை மடக்குதல், ஒத்திகைக்கு வாராமை ஆகியவற்றால் எழுதிய பனுவல் மேடையில் சிதைந்தது.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் அவர் ஏற்படுத்தியதை இப்பின்னணியில் வைத்துக் காணவேண்டும். சிறுவர்கள் சொன்னதைச் சொன்னவாறே மனனம் செய்வர். கூட்டாக உண்டு உறங்கிப் பயில்வர். வேறு குழு அதிக ஊதியம் தந்தாலும் தாமாகப் போய்விட இயலாதவர். இதனை ஒழுக்கச் சீர்திருத்தம் என்று மட்டும் புகழ்வது ஒருபக்கப் பார்வை. மறுக்கும் வலிமையுடையோரை விடுத்து, அவ்வலிமை அற்றோரைக் கொண்டே அவ்வொழுங்கு நிலைநாட்டப்பட்டது. பாலர் சபைகளின் வரலாறு பெரும்பாலும் அங்கு வளர்ந்து புகழடைந்தோர் எழுதியதே. குரல் உடைந்து வெளியேறிய சிறுவர்களின் குரல் அவ்வரலாற்றில் அரிது.

இங்கே எழுத்து பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. பத்து வயது நிரம்பாத சண்முகத்தை அபிமன்யுவாக்கக் கருதி, ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்பது அம்மாணவர் கூற்று. ஓர் இரவு என்பதில் மிகை இருக்கலாம். ஆனால் நடிக்கும் சிறுவன் முதலிலும் பனுவல் பின்னருமாக நிற்கும் அவ்வரிசை நம்பத்தக்கது. உரையாடலுக்கிடையே குறட்பாக்களைப் பெய்தமையையும் இவ்வாறே நோக்கலாம். முறையான பள்ளிப்படிப்பை இழந்த பிள்ளைகளுக்கு நாடகப் பாடமே தமிழ்ப் பாடமாகவும் இருந்தது.

1921இல் பக்கவாதம் தாக்கி அவரது பேச்சு முடங்கியது. சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவருக்குச் சொல் நின்றது. அடுத்த ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் தனிக்குழு கண்டனர். சுவாமிகளைத் ‘தலைமையாசிரியர்’ என நிலைநிறுத்தியதில் சண்முகத்தின் எழுத்துக்கே பெரும்பங்கு. அந்நினைவு நன்றியுணர்வால் எழுந்தது. தமது குழுவின் மரபுரிமையை நாட்டுவதற்கும் அது உதவியது.

பனுவலின் பின்வாழ்வு

சகோதரர்கள் சமூக, வரலாற்று நாடகங்களை நோக்கி நகர்ந்தனர். பாலர் சபைகளும் மறைந்தன. இன்று சுவாமிகளின் பனுவல்களைத் தொடர்ந்து மேடையில் வைத்திருப்போர் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களின் இசை நாடகக் கலைஞர்கள். அவர்கள் நடத்தும் ‘ஸ்பெஷல் நாடகம்’ நிலையான குழுவற்றது, ஒத்திகையும் அற்றது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் ஆகியோர் தனித்தனியே ஒப்பந்தமாகி, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவே ஒன்று சேர்கின்றனர். சுவாமிகள் அடக்க முயன்ற அதே சுதந்திரம் இது. எனினும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதோர் விடியும்வரை ‘வள்ளி திருமணம்’ நடத்த இயல்வது, அனைவரும் ஒரே பாடத்தை மனத்துள் கொண்டிருப்பதால்தான். வள்ளியும் நாரதரும் தர்க்கம் புரியும் காட்சியில் எழுதப்படாத வாதங்கள் எவ்வளவு நீண்டாலும், எந்தப் பாட்டில் வந்து இணைவது என்பது இருவருக்கும் தெரியும்.