நிலமில்லாதவர் கையில் தண்ணீர்

இந்தக் குறிப்பை ஒரு திருத்தமாகவே எழுதுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, நம் முன்னோரின் நீர் மேலாண்மை. எனக்குக் கைவந்த பாட்டுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆரம்பித்து, குடிமராமத்துக்கு வந்து, வெள்ளைக்காரன் வந்து எல்லாவற்றையும் கெடுத்தான் என்று முடித்தேன். நல்ல கைதட்டல். கூட்டம் கலையும்போது எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"நல்லாப் பேசுனீங்க தம்பி. ஆனா மம்பட்டி புடிச்சது யாருன்னு சொல்லலையே. எங்க அப்பா நீர்ப்பாய்ச்சி."

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து என் பேச்சுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பதினாறு பக்கம். அதில் அரசர்கள் இருந்தார்கள், சபை இருந்தது, கலெக்டர்கள் கூட இருந்தார்கள். மடையைத் திறந்த ஆள் இல்லை.

முதலில் உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம், எல்லோரும் அங்கிருந்துதானே ஆரம்பிக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் பிடித்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முந்தைய மூன்று வருடங்களுக்குள் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வர முடியாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான், அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் தகுதிப் பட்டியலின் ஆரம்பத்தைப் பாருங்கள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது ஒரு பிரமதேய ஊர், எனவே சபை என்பது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. கல்வெட்டு இதை ஒளிக்கவில்லை, நாம்தான் அந்த வரிகளை வேகமாகத் தாண்டிப் படித்துவிடுகிறோம்.

சரி, நீர்ப்பாய்ச்சிக்கு வருவோம். அந்தப் பெரியவரைப் பிறகு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் அய்யா என்றே எழுதுகிறேன்.

வடக்கே ஏரி என்பதைத்தான் வைகைக்குத் தெற்கே கண்மாய் என்கிறோம். நிலம் தென்கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிற சமவெளி. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி மண்கரை போட்டால் மழைத்தண்ணீர் தேங்கும். ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. தமிழ்நாடு முழுக்க இப்படி 39,000-த்துக்குச் சற்று மேல் ஏரி, கண்மாய்கள் என்பது அரசுக் கணக்கு. தனித்தனி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், சங்கிலி அது. கலுங்குக் கல்லை ஒரு சாண் உயர்த்தினால் போதும். மேலே உள்ளவனின் வயல் முங்கும், கீழே உள்ளவனின் கண்மாய் காயும். அதனால்தான் ராமநாதபுரம் சீமையில் எந்தக் கால்வாயில் எத்தனை நாள் யாருக்குத் தண்ணீர் என்பதை மாமூல்நாமா என்று எழுதியே வைத்திருந்தார்கள். எழுதி வைத்தும் சண்டை போட்டார்கள். வெட்டு, குத்து, கோர்ட்டு எல்லாம் உண்டு.

கண்மாய்க்குள் கிடக்கும் தண்ணீரை வயலுக்கு விடுவது மடை. பழைய குமிழித் தூம்பு ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல்தூண், அவற்றை இணைத்துக் குறுக்கே பலகைக் கல், அதில் ஓட்டை. ஓட்டை வழியாகத் தடி இறங்கும். அடியில் கல்தொட்டி, அதன் மேல்மூடியில் நீர் இறங்கும் துளை, அந்தத் துளையை அடைக்கும் கல் அல்லது மரக்கட்டை. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் சுருங்கை வழியாகத் தண்ணீர் வெளியே வரும். தரையை ஒட்டிச் சின்னத் துளைகளும் உண்டு, அவை சேற்றை இழுத்து வெளியே விட.

"தடிய மேல இருந்து தூக்குனா போதும்னு படத்துல போட்ருப்பாங்க," என்றார் அய்யா. "சேறு புடிச்சு இறுகிட்டா எங்க தூக்க? முங்கித்தான் எடுக்கணும். பெருங் கண்மாய்ல, ஐப்பசி கார்த்திகைல. தண்ணி இழுக்கிற இழுப்புல காலு உள்ள போயிருச்சுன்னா ஆளு கதை முடிஞ்சுது."

மடையில் செத்தவர்களைச் சாமியாகக் கும்பிடும் இடங்கள் தெற்கே உண்டு. (மடையன் என்ற வசை இந்த வேலையிலிருந்து வந்தது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. மடமை என்ற சொல் கையருகே இருக்கும்போது அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்தச் செய்தியைப் பகிர்கிறவர்களின் குற்றவுணர்ச்சி உண்மையானது.)

முங்குவது மட்டும் அல்ல அவர் வேலை. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதும் நீர்ப்பாய்ச்சி கையில். நிறைந்த வருடத்தில் யாரும் பேச மாட்டார்கள். குறை வருடத்தில்தான் அந்த ஆளின் மதிப்பு தெரியும். தை மாதம் கண்மாயில் முழங்கால் தண்ணீர், கதிர் பால் பிடிக்கிற நேரம், இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும். அப்போது ஊர் கூடி, எத்தனை வயலைக் காப்பாற்றலாம், எதைக் கைவிடலாம் என்று பேசும். முடிவை நடத்திக்காட்டுவது நீர்ப்பாய்ச்சி. நிலக்காரர் யாரும் தன் வாய்க்காலைத் தானே வெட்டக் கூடாது.

ஏன் அவரிடம் விட்டார்கள்? நான் கேட்ட கேள்வி இது. அய்யா சிரித்தார்.

"எங்கப்பாவுக்கு ஒரு குழி நிலம் கெடையாது தம்பி. அதான். நிலம் இருந்தா முதத் தண்ணி தன் வயலுக்குத்தானே விடுவான்னு சந்தேகப்படுவாங்கள்ல?"

எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. அங்கே ஏரியைப் பற்றி முடிவெடுக்க நிலம் வேண்டும். இங்கே தண்ணீரைத் தொட நிலம் இருக்கக் கூடாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வரை இந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு என் கண்ணில் படவில்லை. ஊர் நம்பியது அந்த ஆளின் நேர்மையை மட்டும் அல்ல, அவருடைய இல்லாமையையும் சேர்த்துத்தான். இந்த வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களுக்கென்று பரம்பரையாக ஒதுக்கப்பட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதில் இருந்ததாக அய்யா நினைக்கவில்லை.

அதே நேரம், கூலி கொடுத்த விதத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. களத்தில் பொலி அளக்கும்போதே நீர்ப்பாய்ச்சிக்கு ஒரு பங்கு. விளைந்தால் கூட, காய்ந்தால் குறைவு. கடைமடை வயலும் விளைந்தால்தான் அவர் வீட்டுக் குதிர் நிறையும். எனவே கடைசி வயல் வரை தண்ணீர் கொண்டுபோவதில் நிலக்காரருக்கு இல்லாத அக்கறை அவருக்கு இருந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியில் நடத்திய கணக்கெடுப்பிலும் இதே வழக்கம்தான் தெரிகிறது. விளைச்சலைப் பங்கு பிரிக்கும் முன்பே கோயில், கொல்லர், தச்சர், வெட்டியான், நீர் வேலை என்று ஒவ்வொன்றுக்கும் மேரை எடுத்துவைத்தார்கள். தரம்பால் பிற்பாடு இந்த ஆவணங்களை வைத்துத்தான் கிராமம் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது என்று வாதாடினார்.

பிறகு என்ன ஆயிற்று? ரயத்துவாரி வந்தது. பொதுக் களம், பொதுக் குவியல் என்பது போய், ஒவ்வொரு பட்டாவுக்கும் தனித்தனியாகப் பணத்தில் தீர்வை. குவியல் இல்லாத இடத்தில் மேரையை எங்கிருந்து எடுப்பது? கரையும் மடையும் கவனிப்பார் இல்லாமல் போக, 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கப்படி ஏரி வேலைக்கு ஆள் அனுப்ப மறுப்பவர்களிடம் அதைப் பணமாக வசூலிக்க வழி செய்த சட்டம். குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையாகச் சொல்லும் சொல் அரசாங்கக் காகிதங்களில் அதிகம் புழங்கியது, அது படுத்துக்கொண்ட பிறகுதான்.

மானுடவியலாளர் டேவிட் மோஸ் 2003-ல் வந்த 'தி ரூல் ஆஃப் வாட்டர்' புத்தகத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களைப் பல வருடம் ஆராய்ந்தவர். எந்த அரசின் தயவும் இல்லாமல் ஒற்றுமையாகக் குளம் வெட்டி வாழ்ந்த கிராமம் என்ற படமே பாதி காலனிக் காலத்தில் வரைந்தது என்பது அவர் வாதம். சேதுபதிகள் கண்மாய்க்குப் பணம் போட்டார்கள், அது அவர்கள் அரசியலின் ஒரு பகுதி. ஊர்த் தலைமையும் சாதி அடுக்கும் அதோடு பின்னியவை. பராமரிப்புச் செலவைக் குறைக்க விரும்பிய வெள்ளை அரசுக்கு, இது உங்கள் பழைய வழக்கம்தானே என்று சொல்ல ஒரு பழைய வழக்கம் தேவைப்பட்டது. முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அய்யாவோடு பேசிய பிறகு மறுபடி படித்தேன், கோபம் வரவில்லை.

பழையது எல்லாம் நீடித்தது என்றும் இல்லை. கண்மாய் என்பது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சாகிற பொருள். வண்டல் மேடேறும், கரை கரையும். சித்திரை வைகாசியில் வண்டி கட்டி வண்டலை அள்ளி வயலில் கொட்டினார்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்குக் கொள்ளளவு. தூர் வார ஓடம் வைத்து, அதை ஓட்டப் பொன் எழுதிவைத்த சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. வருடா வருடம் செய்த வேலைதான் அதை நிறுத்திவைத்தது. அப்படியும் தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-ல், மழை தவறியபோது லட்சக்கணக்கில் ஜனம் செத்தது. அப்போதைக்குப் பல கண்மாய்கள் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தன என்பதும் உண்மை, நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அடுத்தடுத்துப் பொய்த்த மழையை அவை தாங்கியிருக்காது என்பதும் உண்மை.

எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல் எழுதிய நூலில், பொதுவளத்தை நீண்ட காலம் காப்பாற்றிய ஊர்களில் பொதுவாக என்னென்ன இருந்தன என்று தேடினார். தெளிவான எல்லை, கண்காணிக்க ஆள், மீறினால் படிப்படியாகத் தண்டனை, இப்படிச் சில. 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்ததும் தமிழில் கூட அவரைப் பற்றி நிறைய எழுதினார்கள், நானும் எழுதினேன். அந்தக் கண்காணிக்கும் ஆள் ராத்திரி எங்கே தூங்கினார், அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அய்யா போனார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அம்மாதான் பிடிவாதமாக அனுப்பினாராம். படித்து, அரசு வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டார். அவருடைய அப்பா 1970-களில் வேலையை விட்டபோது ஊரில் அடுத்த நீர்ப்பாய்ச்சி வரவில்லை. வசதியுள்ளவர்கள் கிணறு வெட்டி மோட்டார் போட்டார்கள், பிறகு போர். தன் வயலுக்குத் தன் போர் என்று ஆனபிறகு மடையைப் பற்றி யாருக்குக் கவலை? கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வளர்ந்தது.

2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அந்த ஊர்க் கண்மாய்க்கும் வேலை வந்தது. கடைசித் தடவை போனபோது அய்யாவோடு கரையில் நடந்தேன். கரை அகலமாக, நன்றாகவே இருந்தது, ஜேசிபி வேலை. பழைய தூம்புக்குப் பக்கத்தில் புது ஷட்டர் போட்டிருந்தார்கள். மேலே திருகும் சக்கரத்தைக் காணோம். திறக்க வேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தேவைப்படுகிறவர் தேவைப்படும்போது கம்பியை வைத்து நெம்பிக்கொள்கிறாராம், மூடுவதற்கு யாரும் வருவதில்லையாம்.

"திரும்ப ஒரு நீர்ப்பாய்ச்சி இருந்தா நல்லதுதானே அய்யா?"

"நல்லதுதான்," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "யாரு வீட்டுல இருந்து வரணும்ங்குறீங்க?"

நான் பேசவில்லை.

"மாசச் சம்பளம் போட்டு, எல்லாத் தெருவுக்கும் பொதுவா விளம்பரம் குடுக்கச் சொல்லுங்க. எத்தன பேரு மனுப் போடுறாங்கன்னு பாப்போம்."