வேலி பயிரை மேய்ந்த வரலாறு



வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் ஏது என்பது நம் உழவர்கள் வாயில் வழங்கும் சொல். களக்காட்டு வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவர்க்கு வேலியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. மலையிலிருந்து இறங்கும் பன்றியைத் தடுப்பது அதுவே. நம் உடலுக்கும் அத்தகைய வேலி ஒன்று உண்டு. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் எதிர்ப்பாற்றல்தான் அது. அந்த வேலி பயிரையே மேயத் தொடங்குவது எதனால்? இவ்வினாவை அறிஞர் ஆராய்ந்த வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன். அதற்கு முன் என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1994ஆம் ஆண்டில் இவ்வட்டாரப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை வழிபாட்டுக்கு நாள்தோறும் பிந்தி வருவான். கேட்டால், “இடுப்பு பிடிச்சிருக்கு சார், குனிய முடியல்லை” என்பான். மாலையிலோ மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருப்பான். காலையில் வலி, மாலையில் ஆட்டமா? பொய் என்று துணிந்தேன். பல நாள் அவனை வெளியே நிறுத்தித் தண்டித்தேன். காலையில் இறுகி, உடல் அசைய அசையத் தளர்வதே அந்நோயின் அடையாளம் என்பதை அன்று நான் அறியேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், உடல் தன்னையே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்று கூறினார். தன்னைத் தாக்கும் நோய் இருக்கவே இயலாது என்று பலரும் அதற்குப் பொருள் கொண்டனர். 1956ஆம் ஆண்டில் அக்கருத்து அசைந்தது. அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி என்னும் இருவர், முயல்களின் தைராய்டு சுரப்பியை அவற்றின் எதிர்ப்பாற்றலே தாக்கும்படி செய்து காட்டினர். அதே ஆண்டில் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர், தைராய்டு நோயாளிகளின் இரத்தத்திலேயே அச்சுரப்பிக்கு எதிரான பொருள்களைக் கண்டனர்.

தாக்குதல் உண்டு என்பது தெளிவாயிற்று. ஆனால் அது ஒருவர்க்கு வந்து மற்றொருவர்க்கு வாராதது ஏன்? விடையின் முதற் சுவடு வேறொரு துறையில் கிடைத்தது. பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜான் தோசே, பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களுடைய இரத்தநீர் பிறருடைய வெள்ளணுக்களைத் திரளச் செய்தது. சொந்த வெள்ளணுக்களையோ தீண்டவில்லை. மனிதர்க்கு மனிதர் வேறுபடும் அடையாள மூலக்கூறு ஒன்று வெள்ளணுக்களின் மேல் உண்டு என்று 1958இல் அவர் வெளியிட்டார். இவ்வாறு கண்டறியப்பட்ட மூலக்கூறுகளின் குடும்பமே எச்.எல்.ஏ. எனப்படுவது. 1980இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்னெல், பெனாசெராஃப் ஆகிய இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர்.

1973இல் பெரும் வியப்பு நேர்ந்தது. முதுகெலும்பு இறுகி வளையும் நோயுடைய 75 பேரை லண்டனில் பிரூவர்ட்டன் குழுவினர் சோதித்தனர். 72 பேரிடம் பி-27 என்னும் ஒரே வகை மூலக்கூறு இருந்தது. நோயற்ற 75 பேரிலோ மூவரிடமே அது இருந்தது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆய்வும் இதனை உறுதி செய்தது. இளமையில் வரும் நீரிழிவு, முடக்குவாதம் முதலிய நோய்களுக்கும் இத்தகைய தொடர்புகள் பின்னர்த் தெரியவந்தன.

இம்மூலக்கூறு செய்யும் வேலை யாது? பழைய வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எழுதிய சிலேட்டைத் தூக்கிக் காட்ட, ஆசிரியர் பார்த்துக்கொண்டே நடப்பார். நம் உயிரணுக்களும் தமக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை இவ்வாறே தூக்கிக் காட்டுகின்றன. எச்.எல்.ஏ. மூலக்கூறே சிலேட்டு, டி அணுக்களே ஆசிரியர். கிருமியின் துண்டு தென்பட்டால் தாக்குதல் தொடங்கும். 1987இல் பியோர்க்மன், வைலி, ஸ்ட்ரோமிங்கர் குழுவினர் அம்மூலக்கூறின் வடிவத்தைக் கண்டபோது, துண்டு பொருந்தும் பள்ளமொன்று அதன் மேற்புறத்தே இருந்தது. பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே காட்டப்படும் துண்டுகளும் மாறும். பி-27இன் பள்ளத்தில் அமரும் கிருமித்துண்டையும் உடலின் சொந்தத் துண்டையும் ஒரே டி அணு ஏற்பி அடையாளம் கொள்ளக்கூடும் என்பது 2022இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பகைவனைப் போன்ற முகமுடையான் என்று வீட்டாரையே அடிக்கும் காவலனின் கதை இது.

அங்ஙனமாயின் இம்மூலக்கூறு தீயதா? அன்று. எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர்களுள் பி-27 உடையோர்க்கு நோய் மெல்லவே முதிர்கிறது. நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தென்னாட்டு மக்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்தனர். டிஆர்-2 என்னும் வகை நுரையீரற் காசநோயாளிகளிடம் மிகுதி என்று 1991இல் வெளியிட்டனர். ஒரு நோயைத் தடுப்பது மற்றொன்றுக்கு வழிவிடலாம். எல்லாம் நிறைந்த சிலேட்டு எவரிடமும் இல்லை.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் என் வீட்டுக்கு வந்தார். முதுகு வளைந்திருந்தது. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே நோயின் பெயர் தெரிந்ததாம். அவர் என்னைக் குறை சொல்ல வரவில்லை. “மகளைப் பெண் பார்க்க வந்தவங்க என் முதுகைப் பார்த்துட்டுத் தயங்குறாங்க சார். அவளுக்கு இரத்தம் சோதிச்சுக் காட்டட்டுமா?” என்று கேட்டார்.

நான் அறிந்ததைச் சொன்னேன். தந்தையிடமுள்ள இரண்டு வரிசைகளுள் ஒன்றே மகளுக்குச் செல்லும். ஆகவே அவளிடம் பி-27 இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது உடையவர்களுள் நூற்றில் சிலர்க்கே இந்நோய் வருகிறது. நோயாளியின் மக்களுக்கு அவ்வாய்ப்பு மிகுதிதான். எனினும் அவர்களிலும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. நோய்க்குறி இல்லாத பெண்ணின் இரத்தத்தைச் சோதித்துச் சம்பந்திகளிடம் நீட்டுவது, வராத குற்றத்துக்கு முன்னதாகவே தண்டனை எழுதுவதாகும். “அந்தத் தவற்றை நான் ஒருமுறை செய்துவிட்டேன்; நீங்கள் செய்ய வேண்டாம்” என்றேன். அவர் சிரித்தார்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். இளைஞனுக்கு மூன்று திங்களுக்கு மேல் இடுப்பு வலி நீடித்து, காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகி, நடமாடினால் தளருமாயின், அவனை மருத்துவரிடம் அனுப்புங்கள். முறையான உடற்பயிற்சியும், வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் மருந்து முதலியனவும் இன்று உள்ளன. காலத்தே கண்டால் முதுகு வளையாமற் காக்க வழியுண்டு.