கெக் லோக் சி கோயிலும் கல்லில் வெட்டிய பெயர்களும்

கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்குக்கு ஒரு நாள் சென்று வந்தோம். துணைவியார், பிள்ளைகள் இருவர், எண்பதை நெருங்கும் என் அம்மா, நான் என ஐவர். தைப்பிங்கிலிருந்து காலை ஆறரைக்கே புறப்பட்டுவிட்டதால் பாலத்தில் நெரிசல் இல்லை. ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் மகிழுந்தை நிறுத்தியபோது கோயிலின் மேல்தளங்களில் இன்னும் பனி கலையவில்லை.

ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் கெக் லோக் சி கோயிலுக்குப் பலமுறை போயிருப்பீர்கள். ஆமைக்குளத்தில் கங்கோங் கீரை போட்டிருப்பீர்கள். படிக்கட்டில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் இதுவரை போய்வந்திருக்கிறேன். மாணவர்களைச் சுற்றுலாவாக இருமுறை அழைத்துச் சென்றும் அவர்களுக்கு அக்கோயிலின் கதையை ஒழுங்காகச் சொன்னதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இம்முறையாவது படித்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்திருந்தேன்.

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் கூஷான் என்னும் புகழ்பெற்ற பௌத்த மடம் உள்ளது. அங்கிருந்து வந்த பியாவ் லியான் என்னும் துறவி, 1887இல் ஜார்ஜ்டவுன் பிட் தெருவிலிருந்த குவான் யின் கோயிலின் பொறுப்பை ஏற்றார். நம் தமிழ் முசுலிம்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கும் அதே தெருதான். தியானத்திற்கு நகரத்துச் சந்தடி ஒத்துவரவில்லை. அமைதியான இடம் தேடியவர் ஆயர் ஈத்தாம் குன்றைத் தேர்ந்தார். 1890களின் தொடக்கத்தில் பணி தொடங்கி, 1905 வாக்கில் முதன்மைக் கட்டடங்கள் முடிவுற்றன. சிங் பேரரசர் குவாங்சு தம் பெயர்ப் பலகையையும் பௌத்த நூல்தொகுதியையும் அனுப்பிச் சிறப்பித்தார்.

பெருங்கொடையாளர்களாக ஐந்து சீனச் செல்வர்களைக் குறிப்பிடுவார்கள். பினாங்கின் நீல மாளிகைக்கு உரியவரான சியோங் ஃபாட் ஸே அவர்களுள் ஒருவர். சுங் கெங் குவீ இன்னொருவர். இவர் லாரூட் ஈயச் சுரங்கங்களில் பொருளீட்டியவர். ஹாய் சான் கூட்டத்தின் தலைவராக விளங்கி, பின்னர்ப் பேராக்கின் சீனக் கப்பித்தான் ஆனவர். எங்கள் தைப்பிங் மண்ணில் தோண்டிய ஈயத்தில் ஒரு பங்கு இந்த மலையில் தூணாக நிற்கிறது என்றேன். மகன் அப்போதுதான் செவி சாய்த்தான்.

கோயிலின் அடையாளமான ஏழுநிலைக் கோபுரம் 1930இல் நிறைவு பெற்றது. எண்கோண அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி சயாமியப் பாணி, முடி பர்மியப் பாணி. அடிக்கல் நாட்டியவர் சயாமின் ஆறாம் இராமா மன்னர். மகாயானத்தையும் தேரவாதத்தையும் ஒரே கட்டடத்தில் அடுக்கிவைக்க அன்றே எண்ணியிருக்கிறார்கள். மேலே நிற்கும் 30.2 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை நம் காலத்தது, 2002இல் நிறுவப்பட்டது.

பிள்ளைகள் கோபுரம் ஏறப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரோடு கீழ்த்தளத்து நிழலில் அமர்ந்தேன். எங்கள் எதிரே இருந்த கற்பலகை நிறையச் சீன எழுத்துகள். அம்மா கேட்டார்: “இவ்வளவும் மந்திரமாய்யா?”

மந்திரம் அல்ல, கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் என்றேன். கோடி கொடுத்தவர் பெயர் மட்டுமா என்றார். இல்லை, சிறுதொகை தந்தவர்களும் உண்டு என்றேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “எங்கப்பாவுந்தான் குடுத்தாரு. எங்க எழுதி வச்சாங்க?”

அம்மா பிறந்து வளர்ந்தது பேராக்கின் வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி நடத்தும் கடமையை நிர்வாகத்தின்மேல் சுமத்தியிருந்தாலும், பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையாகவே இருந்தது. அம்மாவின் தோட்டத்திலும் மண்தரைதான். 1956 வாக்கில் அதற்குச் சிமெந்துத் தரை போடவும் பலகைச் சுவர் அடிக்கவும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தார்கள். தாத்தாவும் கொடுத்தார். அந்தத் தரையில் உட்கார்ந்துதான் அம்மா எழுத்துக் கற்றார். இன்று அங்கே பள்ளியும் இல்லை, தோட்டமும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பிடித்தக் கணக்கை எழுதிய குறிப்பேடு யாரிடம் போயிற்றோ!

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பர். இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேல். மூடப்பட்டவை ஒவ்வொன்றோடும் இப்படி எத்தனை பெயர்கள் மறைந்தனவோ!

எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு இல்லாததன்று. இந்த வட்டாரத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றே போதும். பினாங்குத் தீவு 1786 வரை கெடாவுக்கு உரியது. கெடாவே பழந்தமிழர் சொன்ன கடாரம் என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்கடாரத்து மன்னன் மாற விசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். சிவபக்தனான முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். ஆண்டுக்கு 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல்! அறத்தைச் செப்பேட்டில் பொறித்துத் தந்தவன் அவன் மகன் இராசேந்திரன். கடாரத்தின்மீது 1025இல் படையெடுத்தவனும் அவனே. வரலாற்றின் இந்த முரணை என்னால் இன்றும் எளிதாக விளக்க முடிவதில்லை.

லைடன் நகரின் பெயரால் வழங்கும் அச்செப்பேட்டில் 21 ஏடுகள் உள்ளன. பிடி சூழ்ந்து எல்லை வகுத்தது, கையெழுத்திட்ட ஊரார், அதிகாரிகள், எழுத்தை வெட்டியவர்கள் வரை அனைத்தும் பதிவாகியுள்ளன. அந்த நாகப்பட்டினத்து விகாரம் இன்று இல்லை. எஞ்சி நின்ற செங்கற்கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். ஆயினும் அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று நம்மால் கணக்குச் சொல்ல முடிகிறது. நம் அம்மாக்கள் படித்த தோட்டப் பள்ளிக்கு முடியவில்லை.

சீனர்களிடம் இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். மலேசியாவிலுள்ள சீனக் கோயில்கள், சங்கங்கள், இடுகாடுகள் ஆகியவற்றின் கல்வெட்டுகளை வுல்ஃப்காங் ஃபிராங்கே என்னும் செருமானிய அறிஞரும் சென் தியே ஃபான் என்பவரும் ஊர் ஊராகச் சென்று படியெடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் அவற்றை 1982 முதல் 1987 வரை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. கல்லில் வெட்டியதோடு நில்லாமல் நூலிலும் ஏற்றிவிட்டார்கள். உங்கள் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடோ நன்கொடைப் பற்றுச்சீட்டோ அலமாரியின் அடியில் கிடந்தால், அருள்கூர்ந்து கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். படியெடுத்து வையுங்கள். இதைத் தலைமையாசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பிள்ளைகள் வியர்க்க வியர்க்க இறங்கி வந்தார்கள். லக்சா சாப்பிடப் போகலாம் என்று மகன் அவசரப்படுத்தினான். அம்மா மட்டும் ஒரு மேசையருகே நின்றுவிட்டார். கூரை ஓட்டுக்குப் பணம் தருபவர்கள் ஓட்டின்மேல் தம் பெயரை எழுதிக்கொள்ளும் இடம் அது. மேசையிலிருந்த மூதாட்டி எழுதுகோலை நீட்டினார். நான் ரோமன் எழுத்தில் எழுதப்போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தமிழில் தாமே எழுதினார். கை நடுங்கியதால் கடைசி எழுத்து ஓரத்தில் வழுக்கிவிட்டது. மூதாட்டி அதைப் பார்த்து, மலாயில் “பாகூஸ்” என்றார்.

அன்றிரவு வீடு திரும்பியதும் அம்மாவைப் பக்கத்தில் அமர்த்தி, பிடித்தம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். இதுவரை பத்தொன்பது பெயர்கள் சேர்ந்துள்ளன. மூவருக்குப் பட்டப்பெயர் மட்டுமே கிடைத்திருக்கிறது. நான்காவது லயத்தில் குடியிருந்த ஒரு விதவைத் தாயும் கொடுத்தார் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். அவர் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இருபதாம் எண்ணைப் போட்டு, அந்த வரியை விட்டு வைத்திருக்கிறேன்.