உப்புக் கரைசலும் ஆரீனியசும்

தூய நீர் உறையும் வெப்பநிலையில் உப்புநீர் உறைவதில்லை. கடல் உறைந்து கண்டறியாத நம் நாட்டவர்க்கு இது ஏட்டுச் செய்தியே. குளிர்நாட்டாரோ இதனை நெடுங்காலம் அறிந்திருந்தனர். அறிந்ததனை அளந்து விதியாக்கியவர் இலண்டன் வேத்தியற் கழகத்தின் செயலாளராயிருந்த சாள்சு பிளாக்டன். கரைசலின் செறிவு இருமடங்காயின் உறைநிலைத் தாழ்வும் ஏறக்குறைய இருமடங்காகும் என 1788இல் அவர் வெளியிட்டார். அவ்விதி பின்னர் மறக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின், பிரான்சிலே கிரெனோபிள் நகரிற் பேராசிரியராயிருந்த இரவூல், சேதனப் பொருள்கள் பலவற்றைக் கரைத்து உறைநிலைகளை அளந்தார். 1882இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. ஒரு கிலோகிராம் நீரில் 342 கிராம் கரும்புச் சருக்கரையைக் கரைப்பினும், 60 கிராம் யூரியாவைக் கரைப்பினும், தாழ்வு ஏறக்குறைய ஒன்றே, அஃது 1.86 சதமவளவைப் பாகை. இவ்விரு நிறைகளிலும் உள்ள மூலக்கூறுகளின் தொகை சமம். கரைந்த பொருள் யாது என்பதன்று, அதன் துணிக்கைகள் எத்துணை என்பதே நீரின் உறைநிலையைத் தாழ்த்துகின்றது.

ஆயின் கறியுப்பு இவ்விதிக்கு அடங்கவில்லை. அதன் 58.5 கிராம் கரைந்தால் 1.86 பாகை தாழவேண்டும். தாழ்வதோ ஏறத்தாழ 3.4 பாகை. ஒல்லாந்தரான வந்தோபு, கரைசல்களின் பிரசாரண அமுக்கத்துக்கு வாயு விதியைப் பொருத்தியபோது இதே முரண்பாட்டைக் கண்டு, சமன்பாட்டில் ஒரு திருத்தக் குணகத்தைச் சேர்த்தார். அக்குணகத்தை நம் மாணவர் இன்றும் மனனஞ் செய்கின்றனர். அஃது ஒரு காலத்தில் விடையறியா வினாவாக நின்றதென்பதை எவரும் அவர்க்குச் சொல்வதில்லை.

விடை சுவீடனிலிருந்து வந்தது. சுவாந்தே ஆரீனியசு, கரைசல்களின் மின்கடத்துதிறன் பற்றிய ஆய்வேட்டை 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. கரைந்த உப்பின் ஒரு பகுதியே மின்னைக் கடத்த வல்லது என்பது அவர் கருத்து. தேர்வாளர் ஏட்டிற்கு நான்காந் தரமும், அதனை அவர் நிலைநாட்டிய முறைக்கு மூன்றாந் தரமும் வழங்கினர். அத்தகைய தரம் பெற்றார்க்கு அங்கு ஆசிரியப் பதவி கிட்டுவது அரிது. ஏட்டின் படியொன்றைப் பெற்ற இரீகா நகர்ப் பேராசிரியர் ஒசுவால்டு உப்சாலாவுக்கே நேரிற் சென்று அவ்விளைஞரைத் தம்மிடம் அழைத்தார். பிறநாட்டார் மதித்தபின்னரே சொந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பதவி அளித்தது. இது சுவீடனுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று.

வந்தோபின் கட்டுரையைப் படித்த ஆரீனியசு 1887இல் இரண்டையும் இணைத்தார். உப்பு நீரிற் கரைந்தவுடனே, மின்னோட்டம் செலுத்தப்படுமுன்னரே, அயன்களாகப் பிரிந்துவிடுகின்றது. ஒரு துணிக்கை இரண்டாதலினாலேயே தாழ்வும் இரட்டிக்க முயல்கின்றது. மின்னோட்டமே அயன்களைத் தோற்றுவிக்கின்றது என நம்பியிருந்தோர்க்கு இஃது ஏற்கத்தகாததாயிற்று. நீரோடு கடுமையாகத் தாக்கம் புரியும் சோடியம் நீரினுள்ளே அமைதியாய் இருப்பதெங்ஙனம் என வினவினர். மின்னேற்றம் பெற்ற அணு வேறு, பெறாத அணு வேறு என்பது விடை. 1903இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

ஆயினும் 3.4 என்பது 3.72 அன்று. எஞ்சிய உப்புப் பிரியாது நிற்கின்றது என ஆரீனியசு கருதினார். அக்கருத்துப் பிழையாயிற்று. உப்பு முற்றாகவே பிரிகின்றது. எதிரேற்ற அயன்கள் ஒன்றையொன்று கவர்வதனாலேயே தாழ்வு குறைகின்றது என 1923இல் தெபையும் ஊக்கெலும் காட்டினர். அப்பொழுது ஆரீனியசு உயிரோடிருந்தார்.