உற்சாகக் காணிக்கை (கிறிஸ்தவம்)

கிறிஸ்தவ வழிபாட்டில், யாரும் அளவு விதிக்காமல், கொடுப்பவர் தம் மனம் ஒப்பிக் கடவுளுக்கென்று எடுத்துவைக்கும் பணமும் பொருளும் உற்சாகக் காணிக்கை எனப்படும். பெரியவர்களைக் காணப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் கொண்டுபோவது காணிக்கை. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே தமிழில் இருந்த சொல் இது. 'உற்சாகம்' விவிலியத் தமிழின் வழியே அதனோடு சேர்ந்தது. கட்டளைக்கு உட்படாமல் தானாக முன்வந்து செலுத்தும் பலியை எபிரேயர் 'நெதாபா' என்றார்கள். சீர்திருத்தச் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'உற்சாகபலி' என்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய 2-ஆம் நிருபத்தில், கொடுப்பவனின் முகமலர்ச்சியைக் குறிக்கும் 'ஹிலரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதே உற்சாகத்தையே மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டார். மூலத்தில் இவை இருவேறு மொழிகளின் இருவேறு சொற்கள். தமிழ் வாசகருக்கு மட்டும் பலிபீடத்துக் காணிக்கையும் சபையின் காணிக்கைப் பையும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்துவிட்டன.

பலியிலிருந்து காணிக்கைக்கு

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்று ஐந்து வகைகளை விவரிக்கின்றன. அந்த விதிகளுக்கு நடுவில் ஏழைக்கென்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆடு கொடுக்க வசதியில்லாதவர் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம்; அதற்கும் இயலாதவர் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும். குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்கு எடுத்துச் சென்றபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியது புறாக்காணிக்கை என்று லூக்கா எழுதுகிறார். அந்த வீட்டின் வறுமையைச் சொல்ல அவருக்கு வேறு வருணனை தேவைப்படவில்லை.

வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டியபோது மக்கள் தாமாகவே பொன்னும் வெள்ளியும் நூலும் கொண்டுவந்து குவித்தார்கள். தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று வேலைக்காரர்கள் முறையிட, இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் அறிவிக்க நேர்ந்தது. பெண்கள் தம் முகம் பார்க்கும் வெண்கலத் தர்ப்பணங்களைக் கொடுக்க, அவற்றைக் கொண்டு ஆசாரியர்கள் கைகால் கழுவும் தொட்டி வார்க்கப்பட்டது. தாவீதின் கதை வேறு வகை. பலியிடுவதற்காக அவர் அர்வனா என்பவனின் போரடிக்கும் களத்தைக் கேட்கிறார். களத்தையும் மாட்டையும் விறகையும் இலவசமாகவே தருகிறேன் என்கிறான் அர்வனா. தனக்குச் செலவில்லாத பலியைத் தன் கடவுளுக்குச் செலுத்த மாட்டேன் என்று மறுத்து, 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்த பிறகே தாவீது பலிபீடம் கட்டுகிறார்.

கிறிஸ்துவின் சிலுவை மரணமே கடைசிப் பலி, அது ஒரே தரம் செலுத்தப்பட்டு நிறைவேறிவிட்டது என்பது எபிரெயர் நிருபத்தின் போதனை. அதன்படி கிறிஸ்தவர்களுக்கு மிருகபலி இல்லை. ஆனாலும் 'பலி' என்ற சொல்லை அதே நிருபம் கைவிடவில்லை. கடவுளைத் துதிப்பதையும், பிறருக்கு நன்மை செய்து தம்மிடம் உள்ளதைப் பகிர்வதையும் பலி என்றே அழைக்கிறது. சிறையிலிருந்த பவுல், பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியைச் சுகந்த வாசனையான பலி என்று எழுதினார்.

விதவையின் இரண்டு காசு

காணிக்கை பற்றிய கிறிஸ்தவச் சிந்தனை முழுவதும் கடைசியில் வந்து நிற்பது மாற்கு, லூக்கா இருவரும் எழுதிய ஒரு சிறு காட்சியில்தான். எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவ வாயுள்ள 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என்று யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. இயேசு அங்கே எதிரில் உட்கார்ந்து, காசு போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழை விதவை ஒருத்தி இரண்டு லெப்டா போடுகிறாள். இரண்டு லெப்டா சேர்ந்தால் ரோமானியரின் ஒரு குவாத்ரான்ஸ். 64 குவாத்ரான்ஸ் சேர்ந்தால் ஒரு தினாரியு. அந்த ஒரு தினாரியு ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அப்படியானால் அவள் போட்டது கால் மணி நேரக் கூலிகூட இல்லாத தொகை. எல்லாரையும்விட இவளே அதிகம் போட்டாள் என்கிறார் இயேசு. பெட்டிக்குள் விழுந்ததை அவர் கணக்கிடவில்லை, போட்டவர் கையில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தார். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அவளிடம் இருந்தவை இரண்டு காசுகள். ஒன்றைப் போட்டு ஒன்றை வைத்துக்கொள்ள அவளுக்கு வழி இருந்தது.

காணிக்கையின் பெயரால் நடக்கும் ஏமாற்றையும் இயேசு கண்டித்தார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது என்று சொல்லிவிட்டு, அவர்களைப் பராமரிக்காமல் தப்பிக்கும் வழக்கம் அன்று இருந்தது. தாய் தகப்பனைப் பட்டினி போடும் காணிக்கையைக் கடவுள் கேட்கவில்லை என்பது அவருடைய தெளிவான பதில்.

ஆதிச் சபைகளும் கட்டாய தசமபாகமும்

எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காகப் பவுல் சபை சபையாகப் பணம் திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்பத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பது கொரிந்தியருக்கு அவர் சொன்ன ஏற்பாடு. தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியா சபைகள், இந்தத் தருமத்தில் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி வருந்திக் கேட்டுக்கொண்டதை அவர் வியந்து எழுதுகிறார். ஏறத்தாழ 155-இல் ரோமில் எழுதிய யுஸ்தீனும், 197 அளவில் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியனும் தம் காலத்துச் சபைப் பணத்தைப் பற்றி ஒரே குரலில் பேசுகிறார்கள்: விருப்பமுள்ளவர், விரும்பிய அளவு, வற்புறுத்தல் கிடையாது. அந்தப் பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கும், ஏழைகளின் அடக்கத்துக்கும் செலவானது என்று தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார்.

அரசும் சபையும் கைகோத்த பிறகு நிலைமை மாறிற்று. 585-இல் மாக்கோனில் கூடிய ஆயர் சங்கம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் செலுத்தாதவரைச் சபைக்குப் புறம்பாக்க ஆணையிட்டது. 779-இல் சார்லமேன் அதை அரச சட்டமாக்கினார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியக் குடியானவனுக்கு அது வரியாகவே இருந்தது. பிரான்சில் 1789 புரட்சி அதை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836-ஆம் ஆண்டுச் சட்டம் தானியமாக வாங்குவதை விட்டுப் பணமாக வாங்க வழி செய்தது. வரியாகிப் போனதைக் காணிக்கை என்று அழைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநீதி.

தன்விருப்பக் கொடை புதிய வடிவங்களில் மீண்டும் தழைத்தது. 1886-இல் லண்டனில் நடந்த இரட்சணிய சேனைக் கூட்டம் ஒன்றில் ஜான் கார்ல்டன் என்ற அதிகாரி, ஓராண்டு முழுவதும் சாப்பாட்டுக்குப் பிறகு உண்ணும் இனிப்பை விட்டு, அதில் மிஞ்சும் 50 ஷில்லிங்கைத் தருவதாக எழுதிக்கொடுத்தார். அதிலிருந்தே சேனையின் ஆண்டுதோறும் நடக்கும் சுயவெறுப்பு வாரம் பிறந்தது.

கைப்பிடி அரிசி

பணம் அதிகம் புழங்காத வீடுகளில் காணிக்கை அரிசிப் பானையிலிருந்து வந்தது. உலை வைக்கும்போது அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தனிக்கலயத்தில் போடுவார்கள். அளந்த பிறகு எடுப்பது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. அந்த ஒரு பிடி அன்றைய சோற்றில் குறையும்; பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் குறையும்.

கேரளத்தில் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள் (1805–1871) 'பிடியரி' என்ற பெயரில் வீடுகளிலிருந்து இப்படி அரிசி சேர்த்து, மன்னானத்தில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சி கொடுத்தார். 2014-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய 'பூஃபாய் தாம்' இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்துவைக்கிறார்கள். சேர்ந்ததை விற்றுவரும் பணம் மிஷன் ஊழியத்துக்குப் போகிறது. தமிழகத்துத் திருச்சபைகளிலும் பிடியரிசிக் கலயம் பழக்கமான ஒன்று.

திருநெல்வேலியில்

திருநெல்வேலிச் சீமையில் காணிக்கை ஊர்களையே உருவாக்கியது. மதம் மாறியதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1830-இல், தரும சங்கம் தொடங்கப்பட்டது. பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா அனுப்பிய கொடையில் வாங்கிய நிலத்தில் எழுந்ததால் ஓர் ஊருக்கு டோனாவூர் என்று பெயர் நிலைத்தது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற திருநெல்வேலிக் கிறிஸ்தவர் வே. ச. அசரியா, அங்குள்ள தமிழ்ச் சபையார் தம் சொந்தப் பணத்தில் மிஷனரிகளைத் தாங்குவதைக் கண்டு வெட்கமும் உந்துதலும் பெற்றார். மறு ஆண்டே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்பது அதன் அடிப்படை. அதன் ஊழியர்கள் போய்ச் சேர்ந்த இடம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல். 1912-இல் அசரியாவே அங்குப் பேராயரானார். கொடுத்தலைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

தென்மாவட்டங்களில் காணிக்கையை அதன் முழு உற்சாகத்தோடு பார்க்க அறுப்பின் பண்டிகைக்குப் போக வேண்டும். வாழைத்தார், முதல் காய்ப்புத் தேங்காய், கால் கட்டிய சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு என்று கோயில் முன்னே குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணிக்காய் பல மடங்கு விலைக்குப் போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, காயைத் திரும்ப மேசை மேலேயே வைப்பார்; ஏலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.