தோணி கவிழ்வது காற்றால் மட்டுமல்ல

ஏரியில் தோணி கவிழ்ந்து மீனவர் இறந்தால், செய்தி நான்கு வரியில் முடிந்துவிடும்: பலத்த காற்று, உயிர்காப்பு உடை அணியவில்லை, எச்சரிக்கையை மதிக்கவில்லை. உயிர்காப்பு உடை வேண்டும், வானிலை எச்சரிக்கையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோணி அவ்வளவு தூரம் ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் சாதியைப் பேச வேண்டிவரும்.

ஒடிசாவின் சிலிகா ஏரியை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும் உப்பங்கழி அது. பரப்பு பெரிது, ஆழமோ பெரும்பாலும் ஓர் ஆள் உயரம்தான். ஆழமற்ற நீரில் காற்று அடித்தால் அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் எழும். தட்டையான மரத்தோணிக்கு அதுதான் ஆபத்து. ஏரி நடுவே ஒரு தீவில் காளிஜாய் கோயில் இருக்கிறது. புயலில் படகு கவிழ்ந்து இறந்த மணப்பெண்தான் அங்கே தெய்வமானாள் என்பது ஊர்க்கதை. பத்திரமாகக் கரை சேர மீனவர்கள் அவளைத்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

காற்றின் குணமும் நீரோட்டமும் அவர்களுக்குத் தெரியும். கண்டரா, தியர் முதலிய பட்டியல் சாதி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நீரில் வாழ்ந்தவர்கள். எந்த ஊருக்கு எந்த இடம், எந்தப் பருவத்தில் எந்த வலை என்ற ஒழுங்கும் அவர்களிடம் இருந்தது. ஜமீன்தாரி ஒழிந்தபின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக மீன்பிடி இடங்கள் அவர்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்தன.

1980களில் இறால் ஏற்றுமதிப் பணம் வந்தது. அதுவரை மீன்பிடித் தொழிலைக் கீழாகப் பார்த்த ஆதிக்கச் சாதியினரும் வெளியூர் வியாபாரிகளும் ஏரிக்குள் இறங்கினார்கள். மூங்கில் நட்டு, வலை கட்டி, நீரை அடைத்து இறால் வளர்த்தார்கள். அந்த அடைப்புக்கு ‘கேரி’ என்று பெயர். மீனவரல்லாதோருக்கும் இடம் கொடுத்து 1991இல் அரசே புதுக் குத்தகைக் கொள்கை கொண்டுவந்தது.

இதன் பொருள் என்ன? கரையோரத்து நீர் போனது. மீன் நகரும் வழியும் தோணி போகும் வழியும் அடைபட்டன. பக்கத்தில் வலை வீசியவர் தொலைவுக்குப் போக வேண்டும். காற்று மாறும்போது நேராகக் கரைக்குத் திரும்ப முடியாமல் அடைப்பைச் சுற்றி வர வேண்டும். உரிமையைப் பறித்தவர்கள் கூடவே பாதுகாப்பையும் பறித்தார்கள்.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. டாடா நிறுவனத்தின் இறால் பண்ணைத் திட்டத்தைப் போராடி விரட்டினார்கள். 1996 டிசம்பரில், சிலிகாவையும் நம் பழவேற்காடு ஏரியையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் தஞ்சைப் பகுதியில் தலித் கூலிகளுக்கு நிலம் பெற்றுத்தந்த எஸ். ஜெகந்நாதன். அந்தப் பணியில் அவருடன் நின்றவர் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள்.

தீர்ப்பு வந்தும் கேரிகள் போகவில்லை. 1999 மே 29 அன்று மீனவர்கள் தாங்களே அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். அன்றிரவு சோரானா கிராமத்தில் போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். காளிஜாயிடம் வேண்டிக்கொண்டால் புயலிலிருந்து தப்பலாம், துப்பாக்கியிலிருந்து தப்ப முடியுமா?

சிலிகாவைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற முறையில் மீன்பிடி இடங்கள் சுழற்சியாகப் பகிரப்படுகின்றன. அழகான ஒழுங்குதான். ஆனால் அது சாதிக்கு உள்ளே மட்டும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்தப் பகிர்வில் பங்கில்லை. மீனவர் உரிமை என்று முழங்கும்போது, எந்த மீனவர் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

மகாத் குளத்தில் 1927இல் அண்ணல் அம்பேத்கர் கேட்டது குடிக்கும் நீருக்கான உரிமை. பிழைக்கும் நீருக்கான உரிமையும் அதே கேள்விதான். ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஏரியில் ஒரு சாவு நடந்தால் காற்றின் வேகத்தோடு நிறுத்தாதீர்கள். கரையோர நீர் யார் கையில் இருக்கிறது, குத்தகை யார் பெயரில் இருக்கிறது, திரும்பும் வழியை அடைத்தது யார் என்று விசாரித்து எழுதுங்கள்.

ஜெய் பீம்!