ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேராத அந்த 1.1 சதவீதம்

ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ணி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வெப்சைட் என்ன காட்டணும்? "இந்தக் காலத்துல யாருங்க அதை ஆஃப் பண்றாங்க?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில்தான் நாம நினைக்கிற இடத்துல இல்லை.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். எல்லா பிரவுசரிலும் அது ஓடாது. அதனால 1997-ல் வந்த எச்டிஎம்எல் 4.0-வில் 'நோஸ்கிரிப்ட்' டேக் இருந்தது. ஸ்கிரிப்ட் ஓடாதவங்களுக்கு மாற்று உள்ளடக்கம் காட்டத்தான் அது. நடைமுறையில பல தளங்கள் அதுல போட்டது ஒரே வரி: "ஜாவாஸ்கிரிப்டை ஆன் செய்யவும்". வந்தவரை வாசலிலேயே நிறுத்திட்டாங்க!

2003-ல் ஸ்டீவன் சாம்பியனும் நிக் ஃபிங்கும் 'ப்ரோக்ரசிவ் என்ஹான்ஸ்மென்ட்'னு வேற வழி சொன்னாங்க. முதலில் வெறும் எச்டிஎம்எல்லிலேயே வேலை நடக்கணும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதுக்கு மேல ஏத்துற வசதிகள்.

இது தேவையான்னு 2013-ல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைக் குழு அளந்தே பார்த்தது. கவ்.யூகே முகப்புப் பக்கத்தில் மூணு படங்கள் வெச்சாங்க. ஒண்ணு எல்லாருக்கும் லோட் ஆகும். இன்னொண்ணு ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் மட்டும். மூணாவது நோஸ்கிரிப்ட்டுக்குள்ள. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளில், ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேராதவை 1.1 சதவீதம். அதில் ஆஃப் பண்ணியிருந்தவங்க, வசதியே இல்லாதவங்க எல்லாம் சேர்த்து வெறும் 0.2 சதவீதம்!

மீதி 0.9? அவங்க பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆன்லதான் இருந்தது, ஆனா ஓடலை. நெட் பாதியில கட் ஆகியிருக்கலாம், ஆபீஸ் ஃபயர்வால் தடுத்திருக்கலாம், ஏதோ எக்ஸ்டென்ஷன் குறுக்கே வந்திருக்கலாம். இவங்களுக்கு நோஸ்கிரிப்ட் செய்தியும் தெரியாது. பிரவுசரைப் பொறுத்தவரை ஸ்கிரிப்ட் ஆன்ல இருக்கே!

1.1 சதவீதம் கம்மின்னு தோணுதா? ஒரு கோடி வருகையில அது 1,10,000. ஒரு ஷாப்பிங் தளம் திறக்கலைன்னா வேற கடைக்குப் போயிடுவோம். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவங்க எங்க போவாங்க?

அதனால டெவலப்பர் நண்பர்களே, படிவத்தை சாதாரண எச்டிஎம்எல் ஃபார்மா எழுதுங்க. சப்மிட் பட்டன் ஸ்கிரிப்ட் இல்லாமலே சர்வருக்குப் போகட்டும். அப்புறம் அழகு சேருங்க. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவங்கன்னு தனியா ஒரு கூட்டம் கிடையாது. சிக்னல் போற ரயில்ல உட்கார்ந்திருந்தா, நீங்களும் நானும்தான் அது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!